பொப்பாய் விளையாட்டும் ஒரு மாலுமியும்

வெகுசனக் கலைகளைப் பற்றி எழுதப் புகுவோர் திரைப்படம், வானொலி நாடகம், சஞ்சிகைத் தொடர்கதை என்பவற்றோடு நின்றுவிடுவதே நம்மிடையே வழக்கமாக இருந்து வந்துள்ளது. நாணயம் இட்டு ஆடப்படும் மின்னணு விளையாட்டு ஒன்றினை அவற்றின் வரிசையில் வைத்துப் பேசுவது சிலருக்கு வியப்பாகவும் சிலருக்கு நகைப்பாகவும் தோன்றலாம். ஆயினும், ஒரு காலத்து மக்கள் எதனைக் கண்டு மகிழ்ந்தனர், எதன் முன்னே தம் கைக்காசைச் செலவிட்டு நின்றனர் என்பது அக்காலத்தை அறிவதற்கு ஒரு வழியாகுமெனின், இவ்விளையாட்டுக்களும் நமது கவனத்துக்கு உரியனவே. அத்தகைய ஒன்றாகிய ‘பொப்பாய்’ பற்றி இங்கு எழுத முற்படுகிறேன். யப்பானிய நிறுவனமாகிய நின்டெண்டோ 1982ஆம் ஆண்டில் வெளியிட்ட விளையாட்டு அது. நான் பிறப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னரே வெளிவந்துவிட்ட அதனை நான் அறிந்துகொண்ட விதமும், அதனை எனக்குப் புரியவைத்த ஒருவருடைய வாழ்க்கையும் அதனோடு பிரிக்கவியலாதபடி கலந்துவிட்டன. ஆதலின் இக்கட்டுரை ஓரளவு ஆராய்ச்சியாகவும் ஓரளவு நினைவாகவும் அமைதல் தவிர்க்க முடியாததாயிற்று.

பொப்பாய் என்னும் மாலுமி முதன்முதலில் தோன்றியது திரையிலன்று, செய்தித்தாளிலேயே. அமெரிக்கச் சித்திரக்காரரான எல்சி கிறிஸ்லர் சேகர் 1919ஆம் ஆண்டு முதல் ‘திம்பிள் தியேட்டர்’ என்னும் சித்திரத்தொடரை வரைந்து வந்தார். ஒலிவ் ஒயில் என்னும் நெடிய மெலிந்த பெண்ணும் அவளுடைய குடும்பத்தினரும் அதன் முக்கிய பாத்திரங்கள். பத்து ஆண்டுகள் கழிந்தபின், 1929ஆம் ஆண்டு சனவரி 17ஆம் திகதி, கடற்பயணம் ஒன்றுக்கு மாலுமி ஒருவன் தேவைப்பட்ட கட்டத்திலே பொப்பாய் அத்தொடரினுள் நுழைந்தான். ஒற்றைக்கண், வாயிலே சுங்கான், பருத்த முன்னங்கை, இலக்கணத்துக்கு அடங்காத ஆங்கிலம் என்பன அவனது அடையாளங்கள். வழியிலே வந்து சேர்ந்த அந்தத் துணைப்பாத்திரத்தை வாசகர் மிக விரும்பினர். விரைவிலே அவனே தொடரின் தலைவனானான். 1933ஆம் ஆண்டில் பிளெய்ஷர் சகோதரர்களின் நிறுவனம் அவனை அசைபடமாக்கியது. சேகர் 1938ஆம் ஆண்டிலே காலமானார். அவர் படைத்த மாலுமியோ உலகெங்கும் சென்றான்.

பொப்பாய் என்றவுடன் எவருக்கும் நினைவில் எழுவது தகரப்பேணியில் அடைத்த கீரையே. தொடக்கத்தில் அவனுக்கு வலிமை தந்தது கீரையன்று என்பதைப் பலர் அறியார். முதற் கதையிலே, அதிசயக் கோழி ஒன்றின் தலையைத் தடவியதனாலேயே துப்பாக்கிச் சூட்டினையும் தாங்கும் ஆற்றலை அவன் பெற்றான். கீரை பின்னரே வந்தது. அசைபடங்களே அதனை மாறாத விதியாக்கின. ‘ஸ்பினாச்’ என்னும் அக்கீரையை நம்மவர் பசளி என்று பெயர்த்துக் கூறுவதுண்டு. உண்மையில் அவை இரண்டும் வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த செடிகள். ஸ்பினாச் பெருமளவிற் பயிராகும் ரெக்சாஸ் மாநிலத்துக் கிறிஸ்ரல் சிற்றி என்னும் ஊரில் 1937ஆம் ஆண்டிலேயே பொப்பாய்க்குச் சிலை எழுப்பப்பட்டது என்பது, அவன் பெற்ற செல்வாக்குக்குச் சான்றாகும்.

அசைபடங்களின் கதையமைப்பை ஒரு வாய்பாடு எனலாம். முரடன் ஒருவன் ஒலிவைக் கவர்ந்து செல்வான், அல்லது அவளுக்குத் தொல்லை தருவான். பொப்பாய் அவனோடு மோதி அடிபடுவான். இனிமேல் ஆகாது என்னும் நிலையிலே பேணியைப் பிதுக்கிக் கீரையை விழுங்குவான். பின்னர் முரடன் வானத்திற் பறப்பான். பார்ப்போர் எவருக்கும் முடிவைப் பற்றிய ஐயம் இருப்பதில்லை. துன்பம் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பது மட்டுமே வினா. எளியவன் இறுதியில் வெல்வான் என்னும் உறுதியையே அப்படங்கள் மீண்டும் மீண்டும் வழங்கின. பொருளாதார வீழ்ச்சியினால் வேலையிழந்து நின்ற 1930களின் அமெரிக்க மக்களுக்கு அவ்வுறுதி தேவைப்பட்டிருக்கும் என்று எண்ணுவது பிழையாகாது.

இம்மாலுமி விளையாட்டுப் பெட்டிக்குள் வந்து சேர்ந்த வரலாறு சுவையானது. நின்டெண்டோ நிறுவனம் ‘றேடார் ஸ்கோப்’ என்னும் விளையாட்டின் பெட்டிகளைப் பெருந்தொகையாக அமெரிக்காவுக்கு அனுப்பியிருந்தது. அவற்றுட் பெரும்பகுதி விற்பனையாகாமல் தேங்கிப்போயிற்று. அப்பெட்டிகளைப் பயன்படுத்தத்தக்க புதிய விளையாட்டொன்றினை ஆக்கும் பொறுப்பு ஷிகெரு மியமோட்டோ என்னும் இளைஞரிடம் ஒப்படைக்கப்பட்டது. கைத்தொழில் வடிவமைப்புப் பயின்றவராகிய அவர், பொப்பாய், ஒலிவ், முரடன் ஆகிய மூவரையும் வைத்தே அவ்விளையாட்டை அமைக்க விரும்பினார். பாத்திரங்களுக்கான உரிமை அவ்வேளையிற் கிட்டவில்லை. ஆகவே முரடனின் இடத்திலே ஒரு மனிதக் குரங்கையும், மாலுமியின் இடத்திலே ஒரு தச்சனையும், ஒலிவின் இடத்திலே வேறொரு பெண்ணையும் வைத்தார். 1981ஆம் ஆண்டு யூலையில் வெளிவந்து பெருவெற்றி ஈட்டிய ‘டொங்கி கொங்’ அதுவே. அந்தத் தச்சனே பின்னர் மரியோ என்னும் பெயரில் உலகப் புகழ் பெற்றான். மறுக்கப்பட்ட உரிமையொன்றின் வெற்றிடத்திலே மரியோ பிறந்தான் என்று கூறுவது மிகையாகாது. பின்னர் உரிமையும் கிட்டியது. 1982ஆம் ஆண்டில் மியமோட்டோ முன்பு விரும்பிய மாலுமியைக் கொண்டே ‘பொப்பாய்’ விளையாட்டு வெளியாயிற்று. முரடனுக்கு அதில் புரூட்டஸ் என்று பெயர்.

இனி அவ்விளையாட்டின் இயல்பை நோக்குவோம். மூன்று காட்சிகள் மாறி மாறி வருகின்றன. முதலாவது துறைமுகத்தை அண்டிய இடம். இரண்டாவது ஒரு தெரு. மூன்றாவது ஒரு கப்பல். ஒவ்வொன்றிலும் பல தட்டுக்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அமைந்துள்ளன. ஒலிவ் உச்சியிலே நிற்கிறாள். அவள் மேலிருந்து பொருள்களை ஒவ்வொன்றாக விடுகிறாள். முதற் காட்சியில் அவை இதயங்கள், இரண்டாவதில் இசைக்குறிகள், மூன்றாவதில், உதவி வேண்டி அவள் எழுப்பும் கூவலின் எழுத்துக்கள். அவை காற்றில் ஆடும் இலைபோல இருபுறமும் அசைந்தசைந்து இறங்கும். பொப்பாய் தட்டுக்களில் ஓடியும் படிகளில் ஏறியிறங்கியும் அவற்றைப் பிடிக்கவேண்டும். உயரத்திலேயே பிடித்தால் புள்ளி மிகுதி. கீழே வரவரக் குறைவு. பிடிபடாமல் அடியில் விழுந்தவை சிறிது நேரம் கிடக்கும். அதற்குள்ளும் எடுக்கத் தவறினால் அவை அமிழ்ந்துவிடும். அமிழும்போது மாலுமியின் உயிர்களுள் ஒன்றும் போய்விடும்.

இடையூறுகளுக்கும் குறைவில்லை. புரூட்டஸ் தட்டுக்குத் தட்டுப் பாய்ந்து துரத்துவான். கடற்கிழவி ஒருத்தி போத்தல்களை எறிவாள். ஆடுபவர் கையில் இருப்பவையோ ஒரு கைப்பிடியும் ஒரு பொத்தானும் மட்டுமே. பொத்தானை அழுத்தினால் பொப்பாய் குத்துவான். அக்குத்து போத்தலை உடைக்கும். ஆயின் புரூட்டசை ஒன்றும் செய்யாது. டொங்கி கொங்கின் தச்சன் தாவுவான்; இவனுக்குத் தாவவும் இயலாது. காட்சிக்கு ஒரு கீரைப்பேணி உண்டு. அதனை எட்டிக் குத்தினால் நாம் அனைவரும் அறிந்த மெட்டு ஒலிக்க, சில கணங்களுக்கு மாலுமி வலிமை பெறுகிறான். அப்பொழுது புரூட்டசை அடித்தால் அவன் சுழன்று சென்று நீரில் விழுகிறான். ஆனாற் சற்று நேரத்தில் மீண்டும் வந்துவிடுகிறான்.

இங்கேதான் அசைபடத்துக்கும் விளையாட்டுக்கும் இடையிலுள்ள அடிப்படை வேறுபாடு புலப்படுகிறது. அசைபடத்திற் கீரை கதையை முடித்துவைக்கிறது. விளையாட்டிலோ அது சிறியதொரு மூச்சுவிடும் நேரத்தை மட்டுமே தருகிறது. முரடனை எத்தனை முறை வீழ்த்தினாலும் காட்சி முடிவதில்லை. விழும் பொருள்களைப் போதிய அளவு சேர்த்தாலொழிய அடுத்ததற்குச் செல்ல வழியில்லை. மூன்றாவது காட்சியில், பிடிக்கப்படும் ஒவ்வோர் எழுத்தும் ஒலிவிடம் செல்லும் ஏணியின் ஒரு படியாக அமைகிறது. ஏணி நிறைவுற்றதும் காட்சி முடிகிறது. ஆனால் விளையாட்டு முடிவதில்லை. முதற் காட்சி மீண்டும், முன்னிலும் கடினமாக, தொடங்குகிறது. எவ்வளவு வல்லவர் ஆடினாலும் ஈற்றில் எங்கோ ஓர் இதயமோ எழுத்தோ கை நழுவும். அசைபடத்தில் வெற்றி உறுதி. விளையாட்டிலோ தோல்வி உறுதி. ஒரே பாத்திரங்கள், ஒரே கடல், ஒரே மெட்டு. ஆயினும் பொருள் தலைகீழாகிவிட்டது.

இவ்வேறுபாட்டை நானாக உணர்ந்தேன் அல்லேன். அதனை எனக்கு உணர்த்தியவர் என் தாயாரின் மூத்த சகோதரர்.

பொப்பாய் எங்கள் ஊர் வரை வந்த பாதையை முதலிற் கூறவேண்டும். 1983ஆம் ஆண்டு யூலை 15ஆம் திகதி நின்டெண்டோ தனது ‘பமிகொம்’ என்னும் வீட்டு விளையாட்டுப் பெட்டியை யப்பானில் வெளியிட்டது. அன்று அதனோடு விற்பனைக்கு வந்த விளையாட்டுக்கள் மூன்று. அவற்றுள் ஒன்று பொப்பாய். அதே ஆண்டின் நவம்பர் மாதத்தில், யப்பானியச் சிறுவர்க்கு ஆங்கிலச் சொற்களைக் கற்பிக்கும் விளையாட்டொன்றும் பொப்பாயின் பெயரில் வெளிவந்தது. ஒழுங்காக ஆங்கிலம் பேசத் தெரியாத மாலுமி ஆங்கில ஆசானான விந்தையை என்னென்பது! பிற்காலத்தில் பமிகொம் பெட்டியைப் போலச் செய்த மலிவான பெட்டிகள் ஆசிய நாடுகளின் கடைகளை நிறைத்தன. பல விளையாட்டுக்களை ஒருங்கே அடக்கிய கசெற்றுக்கள் அவற்றோடு வந்தன. ‘ரீவி கேம்’ என்று நாம் அழைத்த அப்பெட்டிகளுள் ஒன்றை 2011ஆம் ஆண்டில் என் தந்தையார் நெல்லியடிக் கடையொன்றில் வாங்கி வந்தார். அப்போது எனக்கு எட்டு வயது. அந்தக் கசெற்றின் நீண்ட பட்டியலிலே பொப்பாயும் இருந்தான்.

மாமா அதற்கு முந்திய ஆண்டிலேதான் கடலை விட்டு ஊரோடு வந்து சேர்ந்திருந்தார். வடமராட்சிக் கரையோர மக்களுக்குக் கடலோட்டம் புதியதன்று. வல்வெட்டித்துறையிலே கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பல் 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகத்தைச் சென்றடைந்த செய்தியை எங்கள் பகுதிச் சிறுவர்கள் பாட்டன்மார் வாயிலாகவே அறிந்திருப்பர். ஆனால் மாமா சென்றது பாய்க்கப்பலிலன்று. 1982ஆம் ஆண்டில், தமது இருபத்துநான்காம் வயதில், வெளிநாட்டுச் சரக்குக் கப்பலொன்றில் இயந்திர அறைப் பணியாளராகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டு யூலை 24ஆம் திகதி இரவு கொழும்பில் தொடங்கி நாடெங்கும் பரவிய வன்செயல்களை நடுக்கடலில் வானொலி வாயிலாகவே அவர் கேட்டறிந்தார். பமிகொம் பெட்டி யப்பானில் வெளிவந்து அப்போது ஒன்பது நாள்களே ஆகியிருந்தன. அவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடையில் யாதொரு தொடர்பும் இல்லை. எனினும், என் மனத்தில் அவ்விரு திகதிகளும் அருகருகே இருப்பதை என்னால் தடுக்க இயலவில்லை.

ஒருநாள் மாலை நான் ஆடிக்கொண்டிருந்தபோது மாமா வந்து பின்னால் நின்றார். சிறிது நேரம் பார்த்துவிட்டு, “உவனை நான் றொற்றர்டாமிலை கண்டிருக்கிறன்” என்றார். 1984ஆம் ஆண்டிலே, அத்துறைமுகத்தில் மாலுமிகள் கூடும் விடுதியொன்றின் மூலையிற் பெரிய பெட்டியொன்று நின்றதாம். பல நாட்டு மாலுமிகளும் அதைச் சூழ்ந்து நின்று, திரையிலுள்ள மாலுமியைக் கண்டு நகைத்தார்களாம். மொழி தெரியாதவர்களுக்கும் அந்த விளையாட்டு விளங்கியது என்று அவர் கூறியது நினைவிருக்கிறது. நான் புரூட்டசைத் துரத்திக் குத்துவதிலேயே கருத்தாயிருந்தேன். இதயங்கள் என் பின்னே விழுந்து அமிழ்ந்தன. மாமா சொன்னார்:

“பிள்ளை, உவன் சண்டைபிடிக்கிறவன் எண்டுதான் எல்லாரும் நினைக்கினம். வடிவாய்ப் பார். உவன்ரை வேலை சண்டை இல்லை. அவள் விடுறதை விழமுந்திப் பிடிக்கிறது.”

அன்று அதனை நான் ஆட்ட நுணுக்கமாகவே எடுத்துக்கொண்டேன். அவ்வாறு ஆடியபோது புள்ளிகள் கூடின, அதனால் மகிழ்ந்தேன். அச்சொற்களின் பின்னால் இருந்த வாழ்க்கையைப் பல ஆண்டுகள் கழித்தே, பல்கலைக்கழகத்துக்கு வந்த பின்னர் விடுமுறையொன்றிலே கேட்டறிந்தேன்.

கப்பற் பணியாளருக்கு நிலையான முகவரி கிடையாது. வீட்டார் எழுதும் கடிதங்கள் கப்பல் செல்லவிருக்கும் துறைமுகத்திலுள்ள முகவரின் பெயருக்கே அனுப்பப்படும். கப்பல் அங்கே நிற்கும் நாள்களுக்குள் கடிதம் சென்று சேரவேண்டும். சேரத் தவறினால், முகவர் அதனை அடுத்த துறைக்கு அனுப்பிவைப்பார். கப்பலின் பாதை மாறினால் கடிதம் ஒரு திசையிலும் ஆள் ஒரு திசையிலுமாக அலைவதுண்டு. போர்க்காலத்திலே யாழ்ப்பாணத்திலிருந்து கடிதம் கொழும்புக்குச் செல்வதற்கே வாரக்கணக்கு ஆயிற்று. கொழும்பு செல்லும் எவரேனும் ஒருவரிடம் அம்மம்மா கடிதத்தைக் கொடுத்துவிடுவார். அவர் அங்கே தபாலில் இடுவார். கடிதம் எழுதத் தொடங்கும்போதே, இது எத்துறையிற் போய் மகனைப் பிடிக்குமோ என்று அம்மம்மா கூறுவதுண்டு என்பதை அம்மாவும் சொல்லியிருக்கிறார்.

1987ஆம் ஆண்டு, வடமராட்சியில் இராணுவ நடவடிக்கை நிகழ்ந்த காலத்தையொட்டி, அம்மப்பா நோயினாற் காலமானார். செய்தியைத் தாங்கிய கடிதம் சிங்கப்பூர் முகவருக்கு எழுதப்பட்டது. அது அங்கே சென்றபோது கப்பல் டேர்பன் துறைக்குப் புறப்பட்டுவிட்டது. டேர்பனுக்கு அனுப்பப்பட்டபோது கப்பல் அங்கும் இல்லை. பிரேசில் நாட்டுச் சான்ரோஸ் துறையிலேதான், இறப்பு நிகழ்ந்து நான்கு மாதங்கள் கழிந்தபின், மாமாவின் கையை அக்கடிதம் எட்டியது. மூத்த மகன் செய்யவேண்டிய கடமைகள் யாவும் பிறராற் செய்யப்பட்டு, ஆட்டத் திவசத்துக்கான நாளும் குறிக்கப்பட்டுவிட்டது. அந்நான்கு மாதங்களிலும் மாமா தந்தையாரின் நலம் விசாரித்து மூன்று கடிதங்கள் வீட்டுக்கு எழுதியிருந்தார். அவை ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தபோது வீட்டிலே எழுந்த துயரம் மரணவீட்டிலும் பெரிதாயிருந்தது என்று அம்மா கூறுவார். இதிலே குற்றம் சுமத்துவதற்கு எவரும் இல்லை. கடிதம் விழுந்த பக்கத்தில் ஆள் நிற்கவில்லை, அவ்வளவே.

இவற்றைக் கேட்டபின் அவ்விளையாட்டை மீண்டும் ஆடிப் பார்த்தேன். ஒலிவ் மேலிருந்து விடுபவை அன்பின் அடையாளமாகவும், பாட்டாகவும், ஈற்றில் உதவி வேண்டும் கூவலாகவும் படிப்படியாக மாறுவதை அப்போதுதான் கவனித்தேன். வீட்டிலிருந்து வரும் கடிதங்களும் ஆண்டுகள் செல்லச்செல்ல அவ்வாறே மாறியிருக்கும். முரடனோ போத்தல் எறியும் கிழவியோ அம்மாலுமியின் உண்மையான பகைவர் அல்லர். தனக்கென அனுப்பப்பட்ட ஒன்று, தான் வேறிடத்தில் நிற்கும்போது நீரில் அமிழ்ந்துபோகும் என்னும் அச்சமே அவனை அங்குமிங்கும் ஓடவைக்கிறது. அசைபடத்திலே இவ்வச்சத்துக்கு இடமில்லை. விளையாட்டிலோ அதுவே அனைத்துமாகிறது.

இக்கருத்தை எங்கள் விடுதியிற் பொருளியல் பயிலும் தோழி ஒருத்தியிடம் கூறியபோது அவள் உடன்படவில்லை. அவளுடைய வாதம் புறந்தள்ளத்தக்கதன்று. நாணயம் இட்டு ஆடும் பெட்டி ஒரு வணிகக் கருவி. ஒருவர் நெடுநேரம் ஆடினால் மற்றவரின் நாணயம் விழாது. ஆகவே ஆடுபவரை விரைவிலே தோற்கடிக்கும்படி அது அமைக்கப்படுகிறது. விளையாட்டுக்கு முடிவு இல்லாமையும், சுற்றுக்குச் சுற்றுக் கடினம் ஏறுவதும் இக்காரணத்தாலேயே. அதிலே பிரிவுத் துயரையும் மாலுமியின் வாழ்வையும் காண்பது, காசு விழுங்கும் பெட்டிக்குத் தத்துவச் சாயம் பூசுவதாகும் என்றாள் அவள்.

வணிக நியதியே அப்பெட்டியின் அமைப்பை வகுத்தது என்பதில் எனக்கும் ஐயமில்லை. மியமோட்டோவும் அவருடன் பணியாற்றியோரும் கடலோடிகளின் துயரை எண்ணி அதனை ஆக்கினர் என்று நான் கூற வரவில்லை. ஆயினும் ஒரு படைப்பின் வடிவம் எக்காரணத்தால் உருவாயிற்று என்பதும், அவ்வடிவம் மாந்தருக்கு எதனை உணர்த்துகிறது என்பதும் ஒன்றல்ல. வெற்றியில் முடியும் கதையை விற்பது அசைபடத்தின் வணிகம். முடியாத உழைப்பை விற்பது பெட்டியின் வணிகம். இரண்டும் வணிகமே. இவற்றுள் எது கூலிக்கு உழைக்கும் ஒரு மாலுமியின் அனுபவத்துக்கு அண்மையிலுள்ளது என்று வினவினால், றொற்றர்டாம் விடுதியில் அதைச் சூழ்ந்து நின்றவர்கள் விடையை அறிந்திருப்பர். அவர்கள் அதிலே செலவிட்டதும் அவ்வாறு உழைத்துப் பெற்ற காசையே என்று தோழி திருப்பிச் சொன்னாள். அதுவும் உண்மையே. அவ்வுண்மை என் கூற்றை மறுப்பதாக எனக்குத் தோன்றவில்லை; அதன் மறுபக்கத்தைக் காட்டுவதாகவே தோன்றுகிறது.

தமிழிலக்கியம் பயில்வோருக்கு இவ்விடத்தில் நெய்தல் நிலம் நினைவுக்கு வருதல் இயல்பு. கடலும் கடல் சார்ந்த இடமும் அதன் முதற்பொருள்; இரங்கல் அதன் உரிப்பொருள். பொருள் தேடிக் கடல் கடப்பவன் பெண்ணை உடனழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை என்று தொல்காப்பியம் குறிப்பிடுகிறது. கரையில் நிற்பவளின் இரங்கலையே நம் புலவர் பெரிதும் பாடினர். அவளுடைய இரங்கல் கடலிற் சென்றவனை எவ்வாறு அடைந்தது, அடைந்ததா, அடையாதபோது அவன் நிலை என்ன என்பவை அத்துணை பாடப்படவில்லை. ஒலிவும் ஓர் உச்சியிலே நின்று இரங்குகிறாள். ஆனால் ஆடுபவர் கையிலுள்ள கைப்பிடி அவளை அசைப்பதில்லை. கீழே நிற்பவனையே அசைக்கிறது. இரங்கலைப் பெறுபவனின் இடத்தில் நம்மை நிறுத்துவதே அவ்விளையாட்டின் தனித்தன்மை என்பது என் கருத்து. இவ்வொப்புமையை இதற்கு மேல் நீட்டுவது பொருந்தாது. யப்பானியப் பெட்டியொன்றுக்குத் திணை வகுப்பது என் நோக்கமன்று.

2025ஆம் ஆண்டு சனவரி முதலாம் திகதியோடு, 1929ஆம் ஆண்டுச் சித்திரங்களில் உள்ளவாறான பொப்பாய் அமெரிக்காவிலே பொதுவுடைமையானான். வெளியாகித் தொண்ணூற்றைந்து ஆண்டுகள் காக்கப்பட்ட பதிப்புரிமை முடிவுற்றதே காரணம். ஐரோப்பிய நாடுகளில், சேகர் மறைந்து எழுபது ஆண்டுகள் நிறைவுற்றமையால், 2009ஆம் ஆண்டிலேயே அந்நிலை ஏற்பட்டுவிட்டது. உரிமை கிட்டாமையால் ஒருகால் மியமோட்டோ கைவிட நேர்ந்த மாலுமியை இன்று எவரும் எடுத்துப் புதிய கதை எழுதலாம். அம்முதலாண்டுச் சித்திரங்களில் அவன் கையிற் கீரைப்பேணி இல்லை என்பது குறிப்பிடத்தக்கது. அங்கே அவன் வேலைக்கு எடுக்கப்பட்ட ஒரு மாலுமி, அவ்வளவே.

இச்செய்தியை மாமாவுக்குத் தொலைபேசியிற் கூறினேன். இப்போது அவருக்குக் கண்பார்வை குன்றிவிட்டது. திரையைப் பார்த்து ஆட இயலாது. சிறிது யோசித்து, “அப்ப இனி உவன் ஒருத்தருக்கும் சொந்தமில்லையோ?” என்று கேட்டார். ஆம் என்றேன். “ஆரும் புதுசாய் எழுதினால், உவனை ஒருக்கால் வீட்டை அனுப்பச்சொல்லு” என்றார்.

அவ்வாறு ஒரு கதை எழுதப்படுமா என்பதை நான் அறியேன். கீரையுண்டு வெல்லும் மாலுமியே இனியும் மிகுதியாக எழுதப்படுவான். அவனையே சந்தை விரும்பும். ஆயினும் நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு பெட்டியினுள் வேறொரு பொப்பாய் இருந்தான் என்பதைப் பதிவு செய்தல் நலம். அவன் தாவத் தெரியாதவன். வலிமை சில கணங்களே வாய்த்தவன். தன்னை நோக்கி அனுப்பப்பட்டவற்றுள் ஒன்றையேனும் நீரில் விடாதிருக்க ஓடியவன். கடல் கடந்து உழைத்த எத்தனையோ பேரின் வாழ்க்கை நம் இல்லங்களிலே பழைய கடிதக் கட்டுக்களாகக் கிடக்கின்றது. காலந்தாழ்த்தி வந்தவையும், வேற்றுத் துறைகளின் முத்திரை பதிந்து திரும்பியவையும் அவற்றுள் உண்டு. வெகுசனக் கலைகளை ஆராயும் நண்பர்கள், அக்கடிதங்களையும் அவற்றை எதிர்பார்த்து நின்றவர்கள் ஓய்வு வேளைகளில் எவற்றின் முன்னே நின்றார்கள் என்பதையும் சேர்த்து ஆராய முற்பட்டால், நமது கடலோடிகளின் வரலாற்றில் இதுவரை எழுதப்படாத ஒரு பகுதி எழுதப்படும்.